பாட்டி வீட்டுச் சமையலறைக்கு எந்த லென்ஸ்?

கேமரா வாங்கிய இளையர்கள் பலர் சில மாதங்களிலேயே ஒரு கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: “அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்?” பல்கலைக்கழகத்தில் எங்கள் தமிழ் அமைப்பின் நிகழ்ச்சிகளுக்குப் படம் எடுக்கும் நான்கு பேருக்கும் இதுதான் ஓயாத பேச்சு. கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் ஸூம் லென்ஸ் பகலில் நன்றாகவே உழைக்கிறது. பொழுது சாய்ந்ததும், அல்லது வீட்டுக்குள் நுழைந்ததும் சிக்கல் தொடங்குகிறது. அசையும் கைகள் கலங்கிப் போகின்றன. படமெங்கும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றுகின்றன.

இதற்குப் பெரும்பாலோர் சொல்லும் தீர்வு, பெரிய திறப்புடைய ‘பிரைம்’ லென்ஸ். பிரைம் என்றால் ஸூம் செய்ய முடியாத, ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸ். அதிலும் 35 மில்லிமீட்டர் பார்வை தரும் லென்ஸையே முதலில் வாங்கச் சொல்கிறார்கள். ஆனால், அந்த ஒரு பார்வைக்கே சந்தையில் பல லென்ஸ்கள் இருக்கின்றன. சில நூறு வெள்ளிக்கும் கிடைக்கும், ஆயிரம் வெள்ளியைத் தாண்டியும் போகும்.

துணைப்பாட வகுப்பு எடுத்துச் சேர்த்த 700 வெள்ளி என்னிடம் இருந்தது. எதை வாங்கினேன் என்பதைவிட எப்படி முடிவுக்கு வந்தேன் என்பது மற்ற மாணவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

எதைப் படமெடுக்கப் போகிறோம்?

லென்ஸைப் பற்றிய முதல் கேள்வி லென்ஸைப் பற்றியதே அல்ல. எதைப் படமெடுக்கப் போகிறோம் என்பதுதான் அது.

என் பாட்டி அங் மோ கியோவில் உள்ள மூவறை வீவக வீட்டில் நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறார். இவ்வாண்டு இறுதியில் அந்த வீட்டை விற்றுவிட்டு மாமாவின் வீட்டுக்குக் குடிபோகிறார். மாடிப்படி ஏறி இறங்க அவருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. முடிவு சரியானதுதான். ஆனாலும், அந்தச் சமையலறை, சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயும் புடவை, சுவரோரச் சாமி மேடை, விசேஷ நாள்களில் வெளியே வரும் முறுக்கு அச்சு ஆகிய அனைத்தும் சேர்ந்து இருக்கும் கடைசி ஆண்டு இது. அதை ஒரு சிறிய புகைப்படத் தொகுப்பாக்கி அவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தடையாக நின்றது வெளிச்சம். சமையலறையில் ஒரே ஒரு குழல் விளக்கு. சாமி மேடையில் காமாட்சி விளக்கும் ஒரு சிறிய மஞ்சள் பல்பும் மட்டுமே. ஃபிளாஷ் பயன்படுத்திய படங்களைக் காட்டியபோது பாட்டி சொன்னார்: “என்ன கண்ணு, மின்னல் அடிச்ச மாதிரி இருக்கு. நான் ஏத்தின விளக்கு எரியிற மாதிரியே தெரியலையே!”

ஒளிப்பட நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதைப் பாட்டி ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஃபிளாஷ் தன் வெளிச்சத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்த இடத்துக்கே உரிய வெளிச்சம் அதில் மூழ்கிப்போகிறது. இருக்கிற வெளிச்சத்தை அப்படியே காட்ட வேண்டுமென்றால், அதை நிறைய உள்ளே வாங்கும் லென்ஸ் தேவை.

திரைப்பட வரலாற்றில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1975ல் வெளிவந்த ‘பேரி லிண்டன்’ படத்தில் மெழுகுவத்தி வெளிச்சக் காட்சிகளை எடுக்க, இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், நாசாவுக்காக உருவாக்கப்பட்ட ஸைஸ் நிறுவனத்தின் எஃப் 0.7 லென்ஸைப் பயன்படுத்தினார். காமாட்சி விளக்குக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால், தத்துவம் ஒன்றுதான்.

ஏன் 35 மி.மீ.?

36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட முழுச்சட்ட சென்சாரின் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மி.மீ. குவியத் தூரம் இந்த அளவை ஒட்டியிருந்தால் அதை இயல்பான பார்வை என்பார்கள். 50 மி.மீ. அதைவிடச் சற்றுக் குறுகலானது, 35 மி.மீ. சற்று அகலமானது.

எண்கள் குழப்பினால், நான் பயன்படுத்தும் ஓர் எளிய கணக்கு இதோ. கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்தால், 35 மி.மீ. பார்வையில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ ஏறத்தாழ அவ்வளவு அகலம் படத்துக்குள் வரும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் இரண்டு மீட்டர் அகலம். அதே இடத்தில் 50 மி.மீ. என்றால் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு, 28 மி.மீ. என்றால் இரண்டரை மீட்டர்.

பாட்டியின் சமையலறையில் அதிகபட்சம் இரண்டு மீட்டர்தான் பின்வாங்க முடியும். அதற்குமேல் முதுகு குளிர்பதனப் பெட்டியில் முட்டும். 50 மி.மீ. பார்வையில் பாட்டி வருவார், அடுப்பு வெளியே போய்விடும். 28 மி.மீ. பார்வையில் எல்லாம் வரும். ஆனால், சட்டத்தை நிரப்ப நெருங்கிச் சென்றால் முன்னால் இருக்கும் கை பெரிதாகவும் பின்னால் இருக்கும் முகம் சிறிதாகவும் தெரியும். திறன்பேசியின் முதன்மைக் கேமராவும் பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. பார்வைதான் என்பதால் அந்தத் தோற்றம் நமக்கு ஏற்கெனவே பழக்கமானது. 35 மி.மீ. பார்வையில் ஆளும் வருகிறார், அவர் வாழும் இடமும் வருகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் கேமரா, ஏபிஎஸ்-சி அளவு சென்சார் கொண்ட ஃபுஜிஃபிலிம் எக்ஸ்-டி30. முழுச்சட்டத்தைவிட இந்த சென்சார் சிறியது. எனவே, லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை 1.5ஆல் பெருக்க வேண்டும். 23 மி.மீ. லென்ஸ் இதில் ஏறத்தாழ 35 மி.மீ. பார்வையைத் தரும். சோனி, நிக்கான் ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கும் இதே 1.5தான். கேனனுக்கு 1.6, மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ் கேமராக்களுக்கு 2. இந்தப் பெருக்கலைச் செய்யாமல் 35 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால், ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ.க்கும் சற்றுக் குறுகலான பார்வைதான் கிடைக்கும்.

உங்களுக்கு எந்தப் பார்வை ஒத்துவரும் என்பதைக் காசு செலவழிக்காமலேயே அறியலாம். ஏற்கெனவே ஸூம் லென்ஸில் எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றிலும் பதிவாகியிருக்கும் குவியத் தூரத்தைப் பாருங்கள். என் படங்களில் பாதிக்கும் மேற்பட்டவை 20 முதல் 25 மி.மீ.க்குள் இருந்தன. அதன்பிறகு ஸூம் வளையத்தை 23ல் வைத்து ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டு ஒரு வாரம் அப்படியே படமெடுத்தேன். மூன்றாம் நாள், ஸூம் வளையத்தைக் கை தேடுவது நின்றது. கால்கள் தாமாக ஓரடி முன்னும் பின்னும் நகர்ந்தன.

எஃப் எண் சொல்வது என்ன?

லென்ஸின் குவியத் தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். ஆகவே, எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரியது. 23 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் திறப்பின் விட்டம் 11.5 மி.மீ. எஃப் 4 என்றால் அதில் பாதி. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகிவிடும். அதாவது எஃப் 4ஐவிட எஃப் 2 நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. எஃப் 1.4, எஃப் 2ஐவிட இரண்டு மடங்கு.

என் ஸூம் லென்ஸ் 23 மி.மீ.ல் ஏறத்தாழ எஃப் 4 வரைதான் திறக்கும். பாட்டியின் சமையலறையில் 1/60 வினாடி ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்டது. அதே வேகத்துக்கு எஃப் 2ல் ஐஎஸ்ஓ 1600 போதும், எஃப் 1.4ல் 800. ஐஎஸ்ஓ குறையக் குறையப் புள்ளிகளும் குறையும், தோலின் நிறமும் இயல்பாக இருக்கும்.

“என் லென்ஸில் நடுக்கத் தடுப்பு வசதி இருக்கிறதே, அது போதாதா?” என்று கேட்கலாம். அந்த வசதி, படமெடுப்பவரின் கை நடுக்கத்தைத்தான் ஈடுகட்டும். முறுக்கு பிழியும் கையின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு ஒளி வேண்டும்.

கைக்கு எட்டியவை

ஃபுஜிஃபிலிம் கேமராவுக்கான 23 மி.மீ. லென்ஸ்களில் நான்கை ஒப்பிட்டேன்.

முதலாவது, 2013ல் வந்த எக்ஸ்எஃப் 23 மி.மீ. எஃப் 1.4. எடை 300 கிராம். இப்போது பெரும்பாலும் பழைய லென்ஸ் சந்தையில்தான் பார்க்க முடிகிறது.

இரண்டாவது, 2016ல் வந்த எக்ஸ்எஃப் 23 மி.மீ. எஃப் 2. எடை 180 கிராம்தான். தூசு, மழைச்சாரல் புகாத அமைப்பு உண்டு. மிக அருகில் உள்ள பொருள்களை முழுத் திறப்பில் எடுத்தால் படம் சற்று மென்மையாக இருக்கும் என்பது இதைப் பற்றிப் பலரும் சொல்லும் குறை.

மூன்றாவது, 2021ல் வந்த புதிய எஃப் 1.4. எடை 375 கிராம். வேகமான தானியங்கிக் குவியம், 19 செ.மீ. வரை நெருங்கிச் சென்று எடுக்கும் வசதி. புதிதாக வாங்கினால் ஆயிரம் வெள்ளிக்கு மேல்.

நான்காவது, சிக்மா நிறுவனம் 2023ல் வெளியிட்ட 23 மி.மீ. எஃப் 1.4. தரத்தில் பெயர் பெற்றது. விலை ஃபுஜிஃபிலிமின் புதிய லென்ஸைவிடக் குறைவு என்றாலும் என் 700 வெள்ளிக்குள் அடங்கவில்லை.

தாளில் பார்த்தால் எஃப் 1.4தான் வெற்றியாளர். இருமடங்கு ஒளி, பின்புலத்தை இன்னும் அழகாக மங்கலாக்கும் திறன். எங்கள் அமைப்பில் ஒரு மூத்த மாணவரும் அதையே சொன்னார்: “இன்னும் மூணு மாசம் காசு சேரு. எஃப் 2 வாங்கினா, பிறகு மனசு எஃப் 1.4 மேலயே இருக்கும்.” அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால், என்னிடம் பணம் குறைவாக இருந்ததைப் போலவே நாள்களும் குறைவாக இருந்தன. மூன்று மாதம் என்பது அந்த வீட்டில் மிஞ்சியிருந்த காலத்தில் பெரும்பகுதி.

ஒரு நாள் வாடகை சொன்ன பதில்

சிங்கப்பூரில் லென்ஸ்களை ஒரு நாள், இரண்டு நாள் வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. எஃப் 1.4 லென்ஸ் ஒன்றை ஒரு சனிக்கிழமைக்கு வாடகைக்கு எடுத்து, பாட்டியை முறுக்கு பிழியச் சொல்லிவிட்டு ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றேன்.

அன்று இரண்டு விஷயங்கள் தெளிவாயின.

முதலாவது, கூர்மை விழும் ஆழம். ஒன்றரை மீட்டர் தூரத்தில் 23 மி.மீ. லென்ஸை எஃப் 1.4ல் வைத்தால், ஏறத்தாழ 24 செ.மீ. ஆழத்துக்குள் இருப்பவை மட்டுமே கூர்மையாகத் தெரியும். எஃப் 2ல் 34 செ.மீ.; எஃப் 2.8ல் 48 செ.மீ. அச்சைப் பிழியும் கை, பாட்டியின் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் இருக்கிறது. எஃப் 1.4ல் கண் கூர்மையானால் கை மங்கியது, கை கூர்மையானால் கண் மங்கியது. இரண்டும் தெரிய வேண்டுமென்றால் எஃப் 2.8க்குப் போக வேண்டியிருந்தது. எனக்கு அந்தப் படத்தில் கை முக்கியம். பின்புலத்தில் இருக்கும் டப்பாக்களும் முக்கியம்; அவற்றை மங்கலாக்குவதற்காக நான் அங்கே போகவில்லை.

இரண்டாவது, விளக்கின் துடிப்பு. நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே பழைய குழல் விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகள் சிலவும் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஷட்டர் வேகம் மிகவும் கூடினால், படத்தில் கறுப்புப் பட்டைகளாகவோ நிற மாற்றமாகவோ தெரியும். இதைத் தவிர்க்க 1/50 அல்லது 1/100 வினாடியில் எடுப்பது நல்லது. அப்படியானால், எஃப் 1.4 தரக்கூடிய 1/500 வேகம் அந்தச் சமையலறையில் எனக்குப் பயன்படப் போவதில்லை. எஃப் 2ல் 1/100 வினாடிக்கு ஐஎஸ்ஓ 2500 அளவில் போதும். என் கேமரா அதைத் தாராளமாகத் தாங்கும்.

எஃப் 1.4 மட்டமானது என்று இதற்குப் பொருளில்லை. காமாட்சி விளக்கின் ஒளியில் மட்டும் எடுத்த படங்களில் அது தெளிவாகவே முந்தியது. மேடை நடனங்களை முன்வரிசையிலிருந்து எடுப்பவருக்கும், தைப்பூசத்தன்று நள்ளிரவுக்குப் பிறகு பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகளோடு டேங்க் ரோடு வரை நடப்பவருக்கும், அந்த ஒரு மடங்குக் கூடுதல் ஒளி விலைக்குத் தகுந்ததாக இருக்கலாம். எனக்கு எடையும் ஒரு காரணம். சிறிய லென்ஸைத் தூக்கியபோது பாட்டி இயல்பாகப் பேசிக்கொண்டே இருந்தார். பெரிய லென்ஸைக் கண்டதும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றுவிட்டார்.

ஆகவே, எஃப் 2 லென்ஸைத் தேர்ந்தெடுத்தேன். மழைச்சாரல் புகாத அமைப்புக்கு நான் மதிப்பெண் போடவில்லை. என் கேமராவுக்கே அந்த அமைப்பு இல்லாதபோது லென்ஸுக்கு மட்டும் இருந்து பெரிய பயனில்லை. நெருக்கத்தில் மென்மையாகும் குறை எனக்கு இடைஞ்சலில்லை. பூவையும் மோதிரத்தையும் நெருங்கி எடுக்க விரும்புவோருக்கு அது இடைஞ்சலாகலாம்.

பழைய லென்ஸ் வாங்குவோர் கவனத்துக்கு

புதிதாக வாங்குவோர் ‘லோக்கல் செட்’, ‘எக்ஸ்போர்ட் செட்’ என்ற வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவதற்கு உள்ளூர் முகவரின் உத்தரவாதம் உண்டு. இரண்டாவது விலை குறைவு; உத்தரவாதம் பெரும்பாலும் கடையோடு சரி.

நான் பழைய லென்ஸையே தேடினேன். சிட்டி ஹால் அருகே பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராக் கடைகள் இருக்கின்றன. கேரோசல் தளத்திலும் நிறைய விற்பனைக்கு வருகின்றன. அதில் வாங்குவோர் பொதுவாக எம்ஆர்டி நிலையத்தில்தான் விற்பவரைச் சந்திப்பார்கள். பயணச்சீட்டு வாயிலருகே ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளாமல், ஓர் இருக்கையைத் தேடி உட்கார்ந்து சோதிப்பது நல்லது.

கைத்தொலைபேசி விளக்கை லென்ஸின் ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்க வேண்டாம். ஒன்றிரண்டு தூசு படத்தைப் பாதிக்காது. பின்பு லென்ஸை உங்கள் கேமராவில் பொருத்தி, அருகிலும் தொலைவிலும் குவியம் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, ஓடு பதித்த சுவர் ஒன்றை நேராக நின்று முழுத் திறப்பில் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்குங்கள். ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிட மிகவும் மங்கலாக இருந்தால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கலாம்.

இத்தனையும் பார்த்து நான் வாங்கிய லென்ஸுக்கு 450 வெள்ளி ஆனது.

மிச்சமிருந்ததில் முதல் செலவு, ஈரம் புகாத பெட்டி. நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸைத் துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்தால் பூஞ்சை தேடி வரும். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது பாதுகாப்பானது. மின்சாரத்தில் இயங்கும் ‘டிரை கேபினட்’ வாங்க வசதியில்லாதவர்களுக்கு, இறுக மூடும் நெகிழிப் பெட்டி, சிலிகா ஜெல், சிறிய ஈரமானி ஆகியவை போதும்.

எஞ்சிய பணத்தைப் படங்களை அச்சிட ஒதுக்கிவிட்டேன். எஃப் 1.4 வாங்கியிருந்தால் இந்தத் தொகை இருந்திருக்காது. பாட்டிக்குத் திறன்பேசித் திரையில் படம் பார்ப்பது பிடிக்காது. கையில் வைத்துப் புரட்ட வேண்டும்.

நெருங்கி நிற்பதன் பொறுப்பு

35 மி.மீ. பார்வையில் ஒருவரின் முகமும் கையும் சட்டத்தை நிரப்ப வேண்டுமென்றால் நாம் அவருக்கு ஒன்றரை மீட்டருக்குள் நிற்க வேண்டும். சாலையின் மறுபக்கத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுக்க இந்த லென்ஸ் உதவாது. தேக்கா ஈரச்சந்தையிலும் கோயிலிலும் படமெடுக்கும்போது, முதலில் வணக்கம் சொல்லி, அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. சிலர் வேண்டாம் என்கிறார்கள்; கேமராவை இறக்கிவிட வேண்டியதுதான். சம்மதிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு கதையும் சொல்கிறார்கள். தமிழ் பேசிப் பழக இதைவிட நல்ல வகுப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

லென்ஸ் வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு மூன்று யோசனைகள். எண்களை ஒப்பிடும் முன்பு, நீங்கள் படமெடுக்கப் போகும் அறைக்குச் சென்று எவ்வளவு தூரம் பின்வாங்க முடிகிறது என்று பாருங்கள். வாங்கும் முன்பு ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, உங்களுக்கு முக்கியமான ஒரே ஒரு படத்தை எடுத்துப் பாருங்கள். கையிலிருக்கும் பணம் முழுவதையும் லென்ஸுக்கே கொடுத்துவிடாமல் பெட்டிக்கும் அச்சுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

லென்ஸ்கள் இன்னும் வரும், விலையும் குறையும். படமெடுக்க நினைக்கும் ஆட்களும் இடங்களும் அதுவரை அப்படியே இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. உங்கள் பட்டியலில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வார இறுதியிலேயே தொடங்குங்கள். கையிலுள்ள ஸூம் லென்ஸும் சன்னலோர வெளிச்சமும் போதும்.